கேட்பவரின் நிம்மதி

கர்ணிகா என்ற ஹெட்ஃபோன் வந்து சேர்ந்த அன்று வத்சலா முதலில் செய்தது அதைத் தராசில் வைத்ததுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். மணிக்கணக்கில் தலையில் உட்காரும் பொருளுக்கு இது கொஞ்சம் அதிகம். குறித்துக்கொண்டாள். பிறகு காது மெத்தையை விரலால் அழுத்தி, பழைய வடிவுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தாள். மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிச் சந்து விடுகிறதா என்று தடவினாள். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தச் சந்து வழியாகத்தான் மிருதங்கத்தின் தொப்பி ஓசை, அந்த இடப்பக்கக் கனத்த ஒலி, ஒழுகிப் போகும். அத்தனை விலை கொடுத்து வாங்கிவிட்டு, ஒலி மெலிசாக இருக்கிறது என்று பிறகு கடிதம் எழுதுவார்கள்.

அவள் தொழில் இதுதான். உயர்ந்த விலை ஹெட்ஃபோன் வாங்க நினைப்பவர்களுக்காக ‘கேள்வி’ என்று ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. நுங்கம்பாக்கத்தில் இரண்டு அறை அலுவலகம். அதில் பதினொரு வருடமாக அவள் கேட்டுப் பார்த்து எழுதிவந்தாள். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் உட்கார்ந்து கேட்கவும் ரயிலில் மாட்டிக்கொண்டு போகவும் ஒரே ஜோடி போதுமா? போதாது என்பதே அவள் பதில். வீட்டுக்கானது காற்றுப் புகுந்து வருகிற மாதிரி திறந்திருக்க வேண்டும். ரயிலுக்கானது கதவைச் சாத்தின மாதிரி மூடியிருக்க வேண்டும். கர்ணிகாவை அனுப்பிய பெங்களூர்க் கம்பெனி, ஒன்றே போதும் என்றது.

அவளுக்கு இரண்டு விதிகள் இருந்தன. பத்து நாள் பழகாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஒரே ஒலியை இரண்டு கருவியில் கேட்டு ஒப்பிடாமல் எழுதி முடிப்பதில்லை. இரண்டாவதற்காக ஒரு பொம்மைத் தலை வைத்திருந்தாள். ரப்பர் காதுகளுக்குள் மைக் பொருத்திய தலை. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதுக்கு என்ன வருமோ அதை அப்படியே பதிந்துவைக்கும். வீட்டுச் சோதனை நடக்கும் நாட்களில் அது குரோம்பேட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அவள் கணவர் மணவாளன் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

அதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

மணவாளன் பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்தவர். ஓயாத வாய். காய்கறி விற்பவரிடம் கால்மணி நேரம், பக்கத்து வீட்டு நாயிடம் ஐந்து நிமிடம் பேசாமல் அவருக்குப் பொழுது விடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலக் கையும் வலக் காலும் போயின. பேச்சும் போயிற்று. கேட்பதெல்லாம் அவருக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. வாயிலிருந்து குழகுழவென்று ஏதோ வந்தது. இடக் கையால் எழுதச் சொன்னால் எழுத்தும் அப்படியே குழம்பி வந்தது.

“தலையாட்டுறத நம்பாதீங்க,” என்று டாக்டர் சொல்லியிருந்தார். “ஆமாவும் இல்லையும் இவருக்கு மாறி மாறி வரும். வாயால சொல்ல விடுங்க. நேரமாகும். நடுவுல நீங்க வார்த்தைய முடிச்சுக் கொடுக்காதீங்க.”

முதல் ஆறு மாதம் வத்சலா அப்படித்தான் செய்தாள். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் என்றாலும் எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. எட்டேகால் ரயில், திரும்பி வந்து சமையல், அவரைக் குளிப்பாட்டுவது, துணி. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்தார். மெல்ல மெல்ல, அவர் வாய் திறந்தவுடனே “தண்ணியா? பாத்ரூமா?” என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் ஏதாவது சொல்ல முயன்றால் அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். அவர் அதைப் பார்ப்பார். நிறுத்திக்கொள்வார்.

கர்ணிகாவை முதலில் ரயிலில் சோதித்தாள். சத்தத்தை அடக்குவது பெரிய விஷயமில்லை. அதை எல்லோரும் செய்கிறார்கள். இது வேறொன்று செய்தது. பல்லாவரம் தாண்டி ரயில் தடதடத்துக்கொண்டிருக்கும்போது எதிர் சீட்டுப் பெண்ணை ஒரு முறை பார்த்தால் போதும், அவள் போனில் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. தண்டவாளச் சத்தத்தில் அடிபட்டுப் போன எழுத்துகளைக்கூட அந்தக் குரலிலேயே சேர்த்துக் கொடுத்தது. ‘குரல் இணக்கம்’ என்று கையேட்டில் போட்டிருந்தது. வத்சலா தன் நோட்டில், ‘இதுவரை யாரும் செய்யாதது’ என்று எழுதினாள். பதினொரு வருடத்தில் அவள் இப்படி எழுதியது இல்லை.

வீட்டுச் சோதனைக்கு முன், கூட இருப்பவர்களின் குரல் மாதிரியைக் கர்ணிகா கேட்டது. மணவாளனின் பழைய வகுப்புப் பதிவு ஒன்று போனில் கிடந்தது. அதைக் கொடுத்தாள். வேறெதையும் நினைத்துச் செய்யவில்லை. படிவத்தில் கேட்டிருந்தது, நிரப்பினாள்.

அடுத்த நாள் காலை அவள் ஹெட்ஃபோனோடு நாதசுரப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டே அவருக்கு டீ கொண்டுபோனாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். பாட்டுத் தானாகத் தணிந்தது.

“டீல சக்கரை கம்மி, வத்சு,” என்றார் மணவாளன்.

அவருடைய குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, கடைசிச் சொல்லில் ஒரு சின்ன இழுப்பு. வத்சலா டம்ளரை வாங்கி மேசையில் வைத்தாள். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நன்றாகவே போயின. அலுவலகம் விட்டு வந்ததும் கர்ணிகாவை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்காருவாள். அவர் பேசினார். இட்லி நன்றாக இருந்தது என்றார். உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம் என்றார். அவள் அலுவலகக் கதைகளைச் சொன்னாள். அவர் பதில் சொன்னார். இரண்டு வருடமாக வீட்டில் இல்லாதிருந்த பேச்சுச் சத்தம் திரும்ப வந்தது. ஒரு நாள் அவர் சொன்ன எதற்கோ அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், பகலில் வந்துகொண்டிருந்த அம்மாள் மகள் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லம் இருப்பதாகவும், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றும் சொல்லி இதழ் ஆசிரியர் ஒரு முகவரி கொடுத்தார். வத்சலா இரண்டு நாள் அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேசையை ஒட்டிப் போட்டிருந்த அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.” எல்லாவற்றையும் சொன்னாள். “உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேற ஏதாவது பாக்கலாம்.”

மணவாளன் நீண்ட நேரம் வாயை அசைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் அந்தப் பழைய குரல் வந்தது.

“நானே சொல்லணும்னு இருந்தேன் வத்சு. நீ ஓடி ஓடி எளைச்சுப் போயிட்ட. எனக்குச் சம்மதம்.”

மறு வாரம் டாக்ஸி வந்தது. வாசலில் அவர் இடக் கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. வலக் கை அப்படி இறுகிக்கொள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்; இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். “மெதுவா, மெதுவா, விழுந்துடப் போறேன்,” என்றது அவர் குரல் அவள் காதில்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். இங்கே நன்றாக இருக்கிறது, நீ கவலைப்படாதே என்றார். அவர் முகம் சன்னல் பக்கமே இருந்தது.

கட்டுரை எழுத வேண்டிய நாள் வந்தது. வீட்டுக்கு ஒன்பதரை, பயணத்துக்கு ஒன்பதரை; இப்படி ஒரு மதிப்பெண்ணை அவள் எதற்கும் போட்டதில்லை. ‘ஒரே ஜோடி போதுமா என்ற கேள்விக்கு முதல்முறையாக ஆம் என்று எழுதுகிறேன்’ என்று தொடங்கினாள். ஒப்பிட்டுக் கேட்பது மட்டும்தான் பாக்கி. பாட்டுக்கு முன்பே செய்தாகிவிட்டது. பேச்சுக்குச் செய்யவில்லை. வீட்டில் பேச்சு என்றால் மணவாளன்தான். அவரைப் பரிசோதனைப் பொருளாக்குவதுபோல் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பொம்மைத் தலை பதிந்துவைத்ததை எடுத்தாள். அவளுடைய பழைய கம்பி ஹெட்ஃபோனில் அதைப் போட்டாள். முதல் நாள், டீ.

டம்ளர் வைக்கும் சத்தம். பிறகு அவர் குரல், இப்போதைய குரல், குழகுழவென்று. அவள் புன்னகையோடுதான் கேட்டாள். சர்க்கரை என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடினாள். இல்லை. மறுபடி போட்டாள். ஆறாவது தடவை கேட்கும்போது காது பழகியது. “டீ... சு... சூ... டு.” அவ்வளவுதான். வத்சு என்றுகூட இல்லை.

சரி, சின்னத் தவறு. எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு கிடையாது. குறித்துக்கொண்டாள். ஆனால் அவள் விரல் அதற்குள் வேறொரு தேதியைத் தேடிப் போய்விட்டது.

அவளுடைய குரல் கேட்டது. ‘உங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேற ஏதாவது பாக்கலாம்.’ பிறகு நாற்காலி முனகியது. மூச்சு. பிறகு அவர்.

வத்சலா அதை முப்பது தடவைக்கு மேல் கேட்டாள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். இடக் காதில் மட்டும், வலக் காதில் மட்டும் கேட்டாள். பதினொரு வருடம் எதற்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தாளோ அது அத்தனையையும் அந்த இருபத்தேழு விநாடிமேல் வைத்தாள். முதல் எழுத்து வே. அது நான்கு முறை வந்தது. அப்புறம் ஒரு மூக்கொலி. அப்புறம் மூச்சு இழுத்து, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரே ஒரு தடவை, தேய்ந்துபோய், முழுசாக: “வேண்... டா.”

அதற்குப் பின்னால் உடனே அவளுடைய குரல், அழுகை கலந்து: ‘தேங்க்ஸ்ங்க. எனக்குத் தெரியும், நீங்க புரிஞ்சுப்பீங்கன்னு.’

எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்து மற்ற நாட்களைப் போட்டாள். முதல் வாரத்தில் அவர் சொல்ல முயன்றவை தெரிந்தன. ‘கால் வலி.’ ‘சன்னல்.’ ‘கேளு.’ கேளு என்பது பல தடவை வந்தது. இரண்டாவது வாரத்தில் அது குறைந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்த நாளுக்குப் பிறகு சொல் எதுவுமே இல்லை. அவர் வெறுமனே ஆ, ஆ என்று எதையோ விடுவார்; சில சமயம் தொண்டையைச் செருமுவதோடு சரி. ஆனால் பதிவு முழுக்கப் பேச்சு இருந்தது. எல்லாம் அவள் பேச்சு. ‘அப்படியா சொல்றீங்க?’ என்றாள். ‘போங்க, உங்களுக்கு எப்பவும் கேலிதான்’ என்றாள். பேசாத ஒரு மனிதருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு பெண் அரைமணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பகல் பதினொன்றரைக்குப் பெங்களூருக்குப் போன் செய்தாள். இர்பான் என்று ஒரு பொறியாளர், வாணியம்பாடிக்காரர், கர்ணிகாவின் குரல் பகுதியைச் செய்தவர். சோதனைக் காலம் முழுக்க அவள் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னவர் அவர்தான். நடந்ததை எல்லாம் சொல்லாமல், டீயை மட்டும் சொன்னாள்.

“ஊகம் பண்ணும் மேடம்,” என்றார் இர்பான். “கெடைக்கிற நாலு எழுத்த வச்சுக்கிட்டுப் பத்து வாக்கியம் யோசிக்கும். அதுல ஒண்ண எடுத்துக் கொடுக்கும்.”

“எத எடுக்கும்?”

“சரியானத.”

“எது சரின்னு அதுக்கு யார் சொல்றது?”

“நீங்கதான்.”

“நான் ஒண்ணும் சொல்லலயே.”

“காது மெத்தைக்குள்ள நாடி பாக்குற ஒரு புள்ளி இருக்கு மேடம். ஒருத்தர் பேசறது புரியலைன்னா கேக்கறவருக்குத் துடிப்பு ஏறும், தோல் லேசா வேர்க்கும். புரிஞ்சா அடங்கிடும். அடங்கினா ஊகம் சரின்னு எடுத்துக்கும். ரெண்டு மூணு வாரத்துல உங்களுக்குத் தகுந்த மாதிரி கத்துக்கும். ரயில்ல, கடைத்தெருவுல, ரொம்ப நல்லா வேலை செஞ்சுது.”

“புரிஞ்சா மட்டும்தான் நாடி அடங்குமா இர்பான்?”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“இல்ல மேடம்,” என்றார். “கேக்க ஆசப்பட்டது கெடச்சாலும் அடங்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது.”

“எதுவுமே சொல்லாதவர் வாயில வார்த்தைய வைக்குமா?”

“உதடு அசைஞ்சு ஏதாவது சத்தம் வந்தா வைக்கும்.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணு மாசமாத் தெரியும்.” அவர் மறைக்கவில்லை. “உங்களுக்குச் சொல்லாம விட்டது என் தப்பு. உங்களுக்கு முன்னாடி நூத்திப் பத்துப் பேர் வீட்டுல கொடுத்துப் பாத்தோம். தெரிஞ்சதும் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். ஊகத்த அணைக்க ஒரு பொத்தான் இருக்கு, இந்த எடத்துல இருக்கு, அணைச்சிடுங்கன்னு. நாலு பேர் அணைச்சாங்க.”

“மிச்சப் பேர்?”

“எப்ப கடைக்கு வரும்னு கேட்டாங்க. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை நின்னுடுச்சுன்னு ஒரு வீட்டுல சொன்னாங்க. மேலதிகாரி திட்டறதே இப்பல்லாம் மரியாதையா இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். கூச்சல்ல திட்டினா அதுக்கு ஊகிக்க எடம் கெடைக்கும்ல.” அவர் குரல் இறங்கியது. “எங்கம்மாவும் ஒண்ணு வச்சிருக்காங்க மேடம். ஊர்ல லைன் விட்டு விட்டுத்தான் வரும். தெனமும் பேசறேன். நான் பேசறதுதான் அவங்க காதுல விழுதான்னு எனக்குத் தெரியல. அணைச்சு வைங்கம்மான்னு சொன்னேன். அது அவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சோ.”

“எழுதப் போறேன், இர்பான்.”

“எழுதுங்க. எழுதணும். ஆனா நீங்க எழுதினா நெறைய பேர் வாங்குவாங்க. அதையும் தெரிஞ்சே எழுதுங்க.”

போனை வைத்த பிறகு அவள் கர்ணிகாவின் அமைப்புகளைத் திறந்தாள். அந்தப் பொத்தானை அவள் முன்பே பார்த்திருந்தாள். முதல் நாள் எல்லாப் பக்கத்தையும் புரட்டும் வழக்கம் அவளுக்கு உண்டு. ‘ஊக நிறைவு: இயங்குகிறது’ என்று போட்டிருந்தது. அது என்ன என்று இர்பானிடம் கேட்க வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்ததும் நினைவு வந்தது. டீக்கு அப்புறம் அந்தக் குறிப்பை அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழரைக்குச் செங்கல்பட்டு ரயிலில் ஏறினாள். கைப்பையில் அவருக்கு மாற்றுத் துணி. திரும்பி வரும்போது போட. டாக்ஸிக்கும் சொல்லி வைத்திருந்தாள். வேலைக்கு நீண்ட விடுப்புக் கேட்டு ஆசிரியருக்கு எழுதிவிட்டாள். காதில் ஒன்றும் இல்லை. பெட்டி முழுக்க ஒரே இரைச்சல். தண்டவாளம், மின்விசிறி, கொய்யாப்பழம் விற்கிறவர், யாரோ யாரையோ திட்டுவது. போனை மடியில் வைத்துக்கொண்டு, தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்குள் கட்டுரையை எழுதி முடித்தாள்.

‘இந்த ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கலாம். வீட்டிலும் கேட்கலாம், ரயிலிலும் கேட்கலாம். இதைவிட நல்லதை நான் கேட்டதில்லை. மனிதர் பேசும்போது கழற்றிவிடுங்கள். நான் கழற்றவில்லை. என் கணவர் வேண்டாம் என்று சொன்னதைச் சம்மதம் என்று கேட்டேன். கருவியில் கோளாறு எதுவும் இல்லை; எனக்கு எது வேண்டும் என்று அது சரியாகக் கண்டுபிடித்தது. வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். மதிப்பெண் போடவில்லை.’

ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினாள்.

இல்லத்தின் வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். முப்பது வயதுப் பெண். அந்தக் கட்டடத்தில் மணவாளனோடு சேர்த்து ஒன்பது பேரைப் பார்த்துக்கொள்கிறவள்.

“வாங்கக்கா. இன்னைக்கு அந்த மாட்டற போன் கொண்டு வரலையா?”

“இல்ல.”

“போன ரெண்டு வாரமும் நீங்க சார் பக்கத்துல உக்காந்து யார்கூடயோ போன்ல பேசிட்டு இருந்தீங்க. அவசரம் போலன்னு நான் தொந்தரவு பண்ணல.”

வத்சலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மணவாளன் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் மழித்திருந்தது. எதிரே ஒரு ஸ்டூலில் கேரம் காய்கள் சிதறிக் கிடந்தன. இடக் கையால் ஆடியிருக்கிறார் போலிருந்தது. அவளைப் பார்த்தார். அவள் காதுகளைப் பார்த்தார். ஒரு காது, மறு காது. பிறகுதான் கண்ணைப் பார்த்தார்.

ஸ்டூலைத் தள்ளிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“என்னங்க,” என்றாள். “நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. நான் சரின்னு கேட்டுட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது.”

அவர் கண் மறுபடி அவள் காதுக்குப் போய்த் திரும்பியது.

“அந்த மெஷின்தான் மாத்திச் சொல்லுச்சு. அதுமேல பழியப் போட்டுட்டு உங்கள அழைச்சிட்டுப் போயிடலாம்னு வர்ற வழியெல்லாம் நெனச்சேன். அது முழு உண்மையில்ல. நீங்க வேண்டாம்னு சொன்னது அன்னைக்கே என் காதுல சரியா விழுந்திருந்தாலும், நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியல. நானும் களைச்சுப் போயிருந்தேன். நீங்க சம்மதிக்கணும்னு எனக்கு இருந்துச்சு. அது அதத்தான் எடுத்துக் கொடுத்துச்சு.”

வெளியே யாரோ வாளியை இழுத்துப் போனார்கள்.

“நீங்க சொல்றத நிறுத்திட்டீங்க. அதுவும் பதிவுல இருக்கு. ஏன் நிறுத்தினீங்க?”

மணவாளன் வாயைத் திறந்தார். உதடு ஒருபுறம் கோணியது. அவளுடைய நாக்கின் நுனியில் நான்கு சொற்கள் வந்து நின்றன. எதையும் எடுத்துக் கொடுக்காமல் பற்களைக் கடித்துக்கொண்டாள். கண் கடிகாரத்தைத் தேடியது. அதைத் திருப்பி அவர் வாயிலேயே வைத்தாள்.

“நீ... சி...” என்றார். மூச்சு வாங்கினார். “சி... ரிச்... ச.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் இடக் கை அவள் உச்சந்தலையில் ஒருமுறை பட்டு விலகியது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையைத் திறந்து சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “பன்னெண்டு மணிக்கு டாக்ஸி வரும். லீவு போட்டாச்சு. வீட்டுக்கு வரீங்களா?”

“வ...” என்றார்.

காத்திருந்தாள்.

“வ... ர...”

வரேன் என்று அவளுக்குள் ஒரு குரல் முடித்தது. அதை அடக்கினாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, விட்டுவிட்டார், மறுபடி ஆரம்பித்தார். அறை வாசலில் எஸ்தர் வந்து நின்றாள். அவளும் ஒன்றும் சொல்லாமல் கதவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். அப்படி நிற்பது அவளுக்குப் பழக்கம் என்று தெரிந்தது. மணவாளனும் அவள் நிற்பதைக் கண்டு அவசரப்படவில்லை.

“வர... ல,” என்றார் மணவாளன்.

வத்சலாவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. காதுக்குள் தன் துடிப்பே கேட்டது. கர்ணிகா தலையில் இருந்திருந்தால் இந்த நேரத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஏன்?” என்று கேட்டாள்.

இதற்கு வெகுநேரம் பிடித்தது. எஸ்தர் ஒரு தடவை போய் வேறு யாருக்கோ மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெயில் சன்னலிலிருந்து இறங்கி அவர் பாதத்துக்கு வந்தது. ஓர் எழுத்து வரும், போகும், தவறான இன்னொன்று வரும், அவரே தலையை உலுக்கி அதைத் தள்ளுவார். வத்சலா இடையில் ஒரு சொல் பேசவில்லை.

“இங்க... கேக்... கு... றாங்க.”

அவள் அதைக் கேட்டாள். வேறு விதமாகக் கேட்க அதில் ஒன்றும் இல்லை.

“சரி,” என்றாள்.

மடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். டாக்ஸிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். எழுந்திருக்கப் போனவளின் புடவைத் தலைப்பை அவர் இடக் கை பிடித்துக்கொண்டது. வாய் மறுபடி திறந்தது.

வத்சலா திரும்பவும் தரையில் உட்கார்ந்தாள்.